ஆங்கிலத்தில் நடை பழகுவோம், வாங்க!



காலை மணி ஆறு. ஆழ்வார்குறிச்சியில் எங்கள் தெருவில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாகிவிட்டது. மேற்கே பொதிகை மலை மேல் மேகம் படுத்திருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். நீங்களும் என்னோடு வாங்க. கடனாநதிக் கரை வரை ஒரு நடை போய்விட்டுத் திரும்புவோம்.

வழியில் நமக்கு ஒரே ஒரு வேலைதான். யார் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நடைக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"நடப்பதற்கு 'வாக்' என்றுதானே சார் சொல்லணும்? அதைத்தான் ஒண்ணாம் வகுப்பிலேயே படிச்சிட்டோமே!" என்கிறீர்களா? சரிதான். ஆனால் 'வாக்' என்பது வீட்டுத் தலைவாசல் மாதிரி. அதைத் திறந்து உள்ளே போனால் எத்தனை அறைகள் இருக்கின்றன தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாகத் திறப்போம்.

முதலில் 'வாக்' பற்றியே ஒரு செய்தி. எழுதும்போது டபிள்யூ, ஏ, எல், கே என்று எழுதுகிறோம். நடுவில் இருக்கும் எல் வாயே திறக்காது. 'வால்க்' என்று சொல்லக் கூடாது, 'வாக்' என்றுதான் சொல்ல வேண்டும். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'நட' என்ற பொருளே இல்லை. உருளுதல், புரளுதல் என்பதுதான் பொருள். போகப் போகத்தான் அது எழுந்து நடக்கத் தொடங்கியது! குழந்தையும் அப்படித்தானே? முதலில் புரளும், பிறகுதான் நடக்கும்.

தெருவில் முதல் பாடம்

அதோ பாருங்கள், எதிர்வீட்டுச் சேவல். நெஞ்சை நிமிர்த்தி, தலையை முன்னும் பின்னும் ஆட்டி, 'இந்தத் தெரு முழுக்க எனக்குத்தான் சொந்தம்' என்பது போல நடக்கிறது. இந்த நடைக்குப் பெயர் 'ஸ்ட்ரட்'. மயிலுக்கும் இது பொருந்தும். புதுச் சட்டை போட்ட தீபாவளி நாளில் உங்களுக்கும் பொருந்தும்!

பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு வயசுப் பாப்பா. இரண்டு அடி வைக்கிறது, பொத்தென்று உட்காருகிறது. மறுபடி எழுந்து இரண்டு அடி. தத்தித் தத்தி நடக்கும் இந்த நடைக்கு 'டாடில்' என்று பெயர். அதனால்தான் இந்த வயசுக் குழந்தைகளை ஆங்கிலத்தில் 'டாட்லர்' என்கிறார்கள்.

தமிழிலும் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு. தளர்நடை. நம் ஊர்ப் பெயரிலேயே ஆழ்வார் இருக்கிறார் அல்லவா? ஆழ்வார்களில் ஒருவரான பெரியாழ்வார், குழந்தைக் கண்ணனின் தளர்நடைக்கு என்றே தனியாகப் பத்துக்கு மேற்பட்ட பாசுரங்கள் பாடியிருக்கிறார். பிள்ளைத்தமிழ் நூல்களில் கூடக் குழந்தையை நடந்து வரச் சொல்லிக் கூப்பிடுவதற்கு 'வருகைப் பருவம்' என்று ஒரு பகுதியே உண்டு. ஒரு குழந்தை நடப்பதை நம் முன்னோர் எவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்.

தெருமுனையில் ஓர் ஆச்சி. செருப்பைத் தூக்கி வைக்காமல் 'சரக் சரக்' என்று தேய்த்துக்கொண்டே பைய வருகிறார். இது 'ஷஃபில்'. சீட்டுக்கட்டைக் கலைப்பதற்கும் இதே சொல்தான். இரண்டிலும் அந்தச் 'சரக் சரக்' இருக்கிறது, கவனித்தீர்களா?

ரயில் நிலையப் பக்கம் ஓர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எட்டு எட்டாக வைத்துப் போகிறார். இது 'ஸ்ட்ரைட்'. நீளமாக அடி எடுத்து, நிமிர்ந்து, எங்கே போகிறோம் என்று தெரிந்து நடப்பது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர். 1918-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையானதும் பாரதியார் கடையத்துக்கு வந்து சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்தார். மார்பை நிமிர்த்தி நேரே பார்த்து நடப்பார் என்று அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நடையை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஸ்ட்ரைட்' என்ற சொல்தான் சரியாக இருக்கும்.

நாம் இருவரும் இப்போது எப்படி நடக்கிறோம்? அவசரம் இல்லை. பேசிக்கொண்டே, வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறோம். இது 'ஸ்ட்ரோல்'. நம் ஊர்ப் பேச்சில் 'பொடிநடையாப் போயிட்டு வந்தேன்' என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

வயலும் ஆறும்

தெரு முடிந்து வயல் தொடங்கிவிட்டது. நம் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவங்கள். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த நெல்லைத் தின்ன வாத்துகளை ஓட்டிவருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் 'வாடில்'. வாத்து, வாடில்: மனதில் வைத்துக்கொள்ள எளிது!

நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து, சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி எடுத்து நடக்கும் அக்காவின் நடை 'ட்ரட்ஜ்'. களைப்பு, பாரம், போக வேண்டிய தூரம் மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் காலையில் 'ஸ்ட்ரைட்'. இரண்டாம் நாள் மாலையில், காலில் கொப்புளம் வந்த பிறகு, 'ட்ரட்ஜ்'!

ஆற்றுக்கு வந்துவிட்டோம். மேலே சிவசைலம் பக்கத்தில் 85 அடி உயரக் கடனா அணை இருக்கிறது. தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஒருவர் அக்கரைக்குப் போகிறார். தண்ணீருக்குள் நடப்பதற்கு என்றே ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் உண்டு. 'வேட்'. நீந்துவது இல்லை, நடப்பது. (பெரியவர்கள் துணை இல்லாமல் நீங்கள் ஆற்றில் இறங்கக் கூடாது. சொல்லைக் கரையில் இருந்தே படிக்கலாம்!)

கரையில் இருந்து மேற்கே பாருங்கள். அந்த மலைத்தொடரில்தான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை இருக்கிறது. கேரள வனத்துறையின் அனுமதி பெற்றுக் காட்டு வழியாக அங்கே ஏறிப் போகிறார்கள். இப்படி நெடுந்தூரம், கடினமான வழியில் போவது 'ட்ரெக்'. இந்தச் சொல் பிறந்த கதை சுவையானது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் 1830-களில் மாட்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக உள்நாட்டை நோக்கிப் போனார்கள். 'இழு' என்ற பொருள் கொண்ட அவர்கள் மொழிச் சொல்தான் ஆங்கிலத்தில் 'ட்ரெக்' ஆனது. வண்டியை இழுத்தது மாடுகள், பெயர் கிடைத்தது மலை ஏறுகிறவர்களுக்கு!

உப்பு எடுக்கப் போன நடை

'மார்ச்' என்றால் உங்களுக்குச் சுதந்திர தின அணிவகுப்பு நினைவுக்கு வரும். பலர் சேர்ந்து, ஒரே தாளத்தில், ஒரு நோக்கத்தோடு நடப்பது மார்ச். (மார்ச் மாதத்துக்கும் இதற்கும் எழுத்துகள் ஒன்றுதான், பிறப்பு வேறு. மாதத்தின் பெயர் மார்ஸ் என்ற ரோமானியப் போர்க் கடவுளிடமிருந்து வந்தது. நடை பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது.)

1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து கையில் மூங்கில் கோலுடன் கிளம்பினார். வயது 60. சுமார் 385 கிலோமீட்டர் நடந்து தண்டி கடற்கரைக்குப் போய், ஏப்ரல் 6-ஆம் தேதி உப்பை எடுத்தார். நம் தமிழ்நாட்டில் ராஜாஜி, ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். அது சுமார் 240 கிலோமீட்டர்.

இதைத் தமிழில் 'உப்பு யாத்திரை' என்கிறோம். ஆங்கிலத்தில் 'சால்ட் மார்ச்' என்கிறார்கள். யாத்திரை என்றால் கோயிலுக்குப் போகும் நினைவு வருகிறது. மார்ச் என்றால் படை நடக்கும் நினைவு வருகிறது. நடந்த கால்கள் அதே கால்கள்தான். ஆனால் எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்தப் படம்தான் கேட்பவர் மனதில் விழுகிறது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

தமிழ் வழி, ஆங்கில வழி

ஆற்றங்கரைப் படியில் கொஞ்சம் உட்காருவோம். ஒரு கேள்வி. 'தத்தித் தத்தி நடந்தது', 'நொண்டி நொண்டி நடந்தான்', 'விறுவிறு என்று நடந்தாள்', 'தள்ளாடித் தள்ளாடி நடந்தார்'. இவற்றில் ஒரு பொதுவான அமைப்பு இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா?

எப்படி என்பது முன்னால் வருகிறது. நட என்பது பின்னால் வருகிறது. நம் மொழி இரண்டு பெட்டிகளில் சாமான் வைக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறது. தத்தித் தத்தி நடப்பது டாடில். நொண்டி நொண்டி நடப்பது லிம்ப். தள்ளாடி நடப்பது ஸ்டாகர். ஓசை எழாமல் கால்விரல் நுனியில் நடப்பது டிப்டோ.

அதனால்தான் நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது தடுமாறுகிறோம். என் வகுப்புகளில் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை, 'ஸ்லோலி ஸ்லோலி ஹி வாக்ட்' என்று எழுதும். பையப் பைய நடந்தான் என்பதை அப்படியே தூக்கி வைத்தது அது! தமிழில் இரட்டித்துச் சொன்னால் அழகு. ஆங்கிலத்தில் அந்த இரட்டைக்கு வேலை இல்லை. எப்படி நடந்தான் என்று கண்ணை மூடிப் பாருங்கள். உல்லாசமாக நடந்தானா? 'ஹி ஸ்ட்ரோல்ட்'. களைத்து நடந்தானா? 'ஹி ட்ரட்ஜ்ட்'. வேலை முடிந்தது.

இன்னொன்று. 'நொண்டி நொண்டி உள்ளே வந்தான்' என்பதற்கு என்ன எழுதுவீர்கள்? 'ஹி லிம்ப்ட் இன்'. அவ்வளவுதான்! 'இன்', 'அவுட்', 'அக்ராஸ்', 'பாஸ்ட்' என்ற சின்னச் சொற்களைப் பின்னால் ஒட்டினால் திசையும் கிடைத்துவிடும். ஆற்றைக் கடந்தார் என்றால் 'ஹி வேடட் அக்ராஸ்'. தூங்கும் தாத்தாவைத் தாண்டிச் சத்தமில்லாமல் போனாள் என்றால் 'ஷி டிப்டோட் பாஸ்ட்'.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்காதீர்கள். டேன் ஸ்லோபின் என்ற அமெரிக்க மொழி அறிஞரும் அவருடைய நண்பர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். எழுத்தே இல்லாத ஒரு படக்கதைப் புத்தகம். ஜாடியில் இருந்து தப்பிப் போன தவளையை ஒரு சிறுவன் தேடுகிறான். அதைப் பல நாட்டுக் குழந்தைகளிடம் கொடுத்து, அவரவர் மொழியில் கதை சொல்லச் சொன்னார்கள். ஆங்கிலக் குழந்தைகள் எப்படி அசைந்தது என்று காட்டும் வினைச்சொற்களை அள்ளி வீசினார்கள். ஸ்பானிய மொழிக் குழந்தைகள் வெளியே வந்தது, உள்ளே போனது என்று எந்தப் பக்கம் போனது என்பதை அதிகம் சொன்னார்கள். அந்த ஆய்வு 1994-இல் புத்தகமாக வந்தது. படம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மொழியும் தன் பிள்ளைகளின் கண்ணை ஒவ்வொரு பக்கம் திருப்புகிறது.

அப்படியானால் தமிழில் சொல் குறைவா? அப்படிச் சொன்னால் நான் விடமாட்டேன்! விசுக்விசுக்கென்று, தொம்தொம்மென்று, விறுவிறுவென்று, தளதளவென்று என நம்மிடம் இரட்டைக்கிளவிகள் எத்தனை! அவற்றைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியரே விதி சொல்லிவிட்டார். அது மட்டுமா? 'நட' என்ற ஒரு சொல் நம் மொழியில் ஒரு பெரிய குடும்பத்துக்கே தாய். நிகழ்வது நடப்பது. ஒழுக்கம் நடத்தை. எழுதும் பாணி நடை. கூட்டம் நடத்துகிறோம், கடை நடத்துகிறோம். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் செய்த வேலைக்கும் அதுதான் பெயர். பாடம் நடத்துவது!

மூன்று பள்ளங்கள், பார்த்து நடங்க!

ஒன்று: 'நான் பள்ளிக்கு நடந்து வருகிறேன்' என்பதற்கு 'ஐ கம் பை வாக்' என்று எழுதாதீர்கள். பஸ்ஸில் வந்தால் 'பை பஸ்', சைக்கிளில் வந்தால் 'பை சைக்கிள்'. அதே வரிசையில் 'பை வாக்' என்று எழுதத் தோன்றும். தவறு. 'ஆன் ஃபுட்' என்பதே சரி. அதைவிட எளிது, 'ஐ வாக் டு ஸ்கூல்'.

இரண்டு: 'ஹி ஸ்ட்ரோல்ட் ஸ்லோலி' என்று எழுத வேண்டாம். ஸ்ட்ரோல் என்றாலே மெதுவாகத்தான். பாயசத்தில் வெல்லம் போட்ட பிறகு மேலே சர்க்கரையும் தூவுவோமா?

மூன்று: இந்தச் சொற்களில் பெரும்பாலானவை இறந்தகாலத்தில் சாதுவாக 'இ', 'டி' சேர்த்துக்கொள்ளும். 'ஸ்ட்ரைட்' மட்டும் முரட்டுப் பிள்ளை. அதன் இறந்தகாலம் 'ஸ்ட்ரோட்'.

நான் வழுக்கி விழுந்த இடம்

இனி நான் சொல்லப்போவது பாடம் இல்லை. என் தவறு.

1980-களின் கடைசி. நான் இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இதே சொற்களைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். நடித்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்காது என்பது எனக்குப் பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். ஒருவன் சேவல் மாதிரி நடந்தான். ஒருத்தி வாத்து மாதிரி நடந்தாள். வகுப்பே ஒரே சிரிப்பு.

'லிம்ப்' வந்தது. "யாரு நடிச்சுக் காட்டுதீங்க?" என்றேன். ஒரு பையன் எழுந்து வந்தான். ஒரு காலைச் சாய்த்து, முழங்காலில் கையை ஊன்றி, தாங்கித் தாங்கி நடந்தான். வகுப்பு முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தது. பிறகு எல்லாத் தலைகளும் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சின்ன வயசில் போலியோ வந்து அவளுக்கு ஒரு கால் மெலிந்துபோயிருந்தது. அவன் நடித்தது அவளுடைய நடையைத்தான்.

நான் அவனை அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி நானும் சிரித்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்று முதல் சில பிள்ளைகள் அவளை அந்த ஆங்கிலச் சொல்லாலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த வாரம் ஒரு கட்டுரைப் பயிற்சி. 'நான் பள்ளிக்கு வரும் வழி' என்று ஐந்து வாக்கியம். அவள் ஐந்திலும் 'வாக்' என்றே எழுதியிருந்தாள். வீட்டிலிருந்து வாக், வாய்க்கால் கரையில் வாக், தோழியோடு வாக். நான் சிவப்பு மையில், 'புதிய சொற்களைப் பயன்படுத்தவும்' என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் மணியடித்து எல்லோரும் போன பிறகு அவள் நோட்டோடு வந்து நின்றாள்.

"சார், நீங்க வீட்ல இருந்து வந்தா 'வாக்'னு எழுதுதீங்க. இவளுவ எல்லாரும் வந்தாலும் 'வாக்'தான். நான் வந்தா மட்டும் எதுக்கு சார் வேற வார்த்தை?"

எனக்குப் பதில் வரவில்லை. தினமும் நாலு மைல் நடக்கிற பிள்ளை அது. இரண்டு மைல் வர, இரண்டு மைல் போக. ஒரு நாள் கூட மணி அடித்த பிறகு வந்தது இல்லை. எங்கே இருந்து வருகிறாள், எவ்வளவு தூரம் வருகிறாள், வழியில் என்ன பார்க்கிறாள் என்று அவள் அழகாக எழுதியிருந்தாள். நான் அவள் காலை மட்டும் பார்த்தேன்.

சிவப்பு மையில் எழுதியதை அடித்தேன். பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் வகுப்பு முன்னால் நின்று, "போன வாரம் நான் செஞ்சது தப்பு. சிரிச்சதும் தப்பு, மார்க்கைக் குறைச்சதும் தப்பு" என்றேன். நடித்த பையன் தானே எழுந்து நின்றான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் வகுப்பில் கேட்கவில்லை. வகுப்புக்கு வெளியே கேட்டிருக்குமோ என்னவோ. அவ்வளவு சீக்கிரம் ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிவிட முடியாது, பிள்ளைகளே.

1995-இல் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தைக்கு அந்த நோய் வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27-ஆம் தேதி நம் நாட்டுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. உங்கள் வகுப்பில் அந்த நோயால் கால் மெலிந்த பிள்ளை இருக்காது. ஆனால் வேறு ஏதோ காரணத்தால் வேறு மாதிரி நடக்கிற, பேசுகிற, பார்க்கிற பிள்ளை கட்டாயம் இருக்கும்.

சொல்லை எடுப்பதற்கு முன்

அன்று முதல் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வியையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். 'எப்படி நடந்தார் என்பது இங்கே தேவையா?'

பந்து விளையாடும்போது தம்பிக்குக் கால் சுளுக்கிவிட்டது. டாக்டரிடம் சொல்கிறீர்கள். அங்கே 'லிம்ப்' வேண்டும். அதுதான் டாக்டருக்கு உதவும். கதை எழுதுகிறீர்கள், திருடன் வீட்டுக்குள் நுழைகிறான். 'டிப்டோ' வேண்டும். அப்போதுதான் படிப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் உங்கள் வகுப்புத் தோழி நூலகத்துக்குப் போனாள் என்று மட்டும் சொல்ல வேண்டுமா? 'ஷி வாக்ட் டு தி லைப்ரரி'. போதும். அவள் போனதுதான் செய்தி. அவள் கால் செய்தி இல்லை.

சேவலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அது கோபித்துக்கொள்ளாது. மனிதரைப் பற்றி எழுதும்போது, அவர் அதைப் படித்தால் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா என்று ஒரு நொடி நினைத்துப் பார்க்க வேண்டும். நிறையச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். பத்துச் சொல் தெரிந்தால்தான் சரியான ஒன்றை எடுக்க முடியும். சில இடங்களில் அந்தச் சரியான ஒன்று, ஒண்ணாம் வகுப்பில் படித்த அந்தப் பழைய 'வாக்'காகவே இருக்கும்.

வெயில் ஏறிவிட்டது, திரும்புவோம். உங்களுக்குப் பள்ளிக்கு நேரமாகிறது. எனக்கும் இப்போது முழங்கால் வலி. கையில் ஒரு கம்பு வந்துவிட்டது. என் நடைக்கு ஆங்கிலத்தில் 'ஹாபில்' என்று பெயர். வலியோடு, ஒரு சீராக இல்லாமல், கஷ்டப்பட்டு நடப்பது. நேற்று எதிர்வீட்டுப் பையன் நோட்டோடு வந்து, "சார், உங்களப் பத்தி 'ஹாபில்'னு எழுதலாமா?" என்று கேட்டான். "தாராளமா எழுதுடே. கேட்டுட்டு எழுதுதே பாரு, அது போதும்" என்றேன்.

வீட்டுப்பாடம்: நாளைக் காலையில் உங்கள் தெருவில் ஐந்து நடைகளைப் பாருங்கள். ஆடு, மாடு, கோழி, பூனையும் சேர்த்திதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில வாக்கியம். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து எழுதுங்கள்.

இப்போது ஒரு குட்டித் தேர்வு! பொருத்தமான சொல் எது?

1. மூட்டையைத் தலையில் சுமந்து, களைத்துப்போய் மேட்டில் ஏறுகிறார்.
2. முதல் பரிசு வாங்கிய அண்ணன் எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திப் பெருமையடித்துக்கொண்டு நடக்கிறான்.
3. மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அதில் இறங்கி அப்பா நடந்து வருகிறார்.
4. தங்கச்சிப் பாப்பா முதன்முதலாகச் சுவரைப் பிடிக்காமல் நான்கு அடி வைக்கிறாள்.
5. ஞாயிற்றுக்கிழமை மாலை. தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டே காற்று வாங்கப் போகிறார்கள்.
6. உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். தாங்கித் தாங்கி நடக்கிறான். அவன் தினமும் பள்ளிக்கு எப்படி வருகிறான் என்று எழுத வேண்டும்.

விடைகள்: 1. ட்ரட்ஜ் 2. ஸ்ட்ரட் 3. வேட் 4. டாடில் 5. ஸ்ட்ரோல் 6. வாக்